களுதாவளையில பெத்தாட தோட்டத்துக்குப் போன நாள்

பொசன் போயா (ஜூன் மாசப் பௌர்ணமி) லீவுக்கு களுதாவளையில இருக்கிற என்ட கம்பஸ் கூட்டாளிட, நஞ்சு அடிக்காத தோட்டத்துக்கு அம்மாவையும் மகனையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தன். ரெண்டு வருசமா "வாகா ஒருக்கா, வந்து பாருகா" எண்டு கூப்பிட்டுக்கிட்டே இருந்தவ, எனக்குத்தான் ஒபிஸ், பிள்ளைட டியூசன் எண்டு மாசம் மாசமா தள்ளிக்கிட்டே போச்சு. போய் வந்து மூணு கிழமையாகிட்டு, இன்னும் அந்தக் கிணத்தடிதான் கண்ணுக்குள்ள நிக்கிது. அதால அயத்துப் போறதுக்கு முன்னம் எழுதி வைக்கிறன்.

மட்டக்களப்பு டவுன்ல கல்முனை பஸ் ஏறினா கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேத்தாத்தீவு, மறுகா களுதாவளை. முப்பது கிலோமீற்றருக்குள்ளதான். இந்த ரோட்டால எத்தினையோ தரம் போயிருக்கன், ஆனா கிழக்கால கடல், மேற்கால வாவி, நடுவில கிடக்கிற இந்த மணல் துண்டுலதான் இத்தின ஆயிரம் சனமும் வீடு கட்டி கோயில் கட்டி பள்ளிவாசல் கட்டி தோட்டமும் செய்யிறம் எண்டத அண்டைக்குத்தான் ஒழுங்கா யோசிச்சன். வாவி 56 கிலோமீற்றர் நீளம், அங்கால படுவான்கரை, அது வயல் நாடு. இஞ்சால எழுவான்கரையில மணல். மணல்ல என்ன விளையும் எண்டு வெளியூர்க்காரர் கேப்பாங்க, களுதாவளை வெத்திலையையும் கொச்சிக்காயையும் (மிளகாய்) பாத்தவங்க கேக்க மாட்டாங்க.

நாங்க போய் இறங்கக்க சரியான கச்சான் காத்து. வைகாசிச் சடங்கெல்லாம் முடிஞ்சு ஊர் ஓஞ்சு கிடந்திச்சு. படலையத் திறந்து உள்ளுக்க போனா பெத்தா, கூட்டாளிட அம்மம்மா, திண்ணையில காலை நீட்டிக்கிட்டு வெத்திலை இடிக்கிறா. வயசு 85. என்னைய நிமிந்து பாக்கல்ல, அம்மாவத்தான் பாத்தா. "எந்த ஊரு புள்ள, என்ன குடி?" எண்டுதான் முதல் கேள்வி. அம்மா குடியச் சொன்னா, பெத்தா இன்னாரு இன்னாரு எண்டு ரெண்டு மூணு பேரச் சொல்லி விசாரிச்சா, பத்து நிமிசத்துல அம்மா அவக்கு மகள் முறையாகிட்டா, நான் பேத்தி, மகன் பூட்டன். மட்டக்களப்பார் எல்லாருக்கும் இது தெரியும், வெளியில இருந்து வாசிக்கிறவங்களுக்காகச் சொல்றன், குடி எண்டா வம்சப் பிரிவு, எங்கட பக்கம் அது தாய் வழியாத்தான் வரும், வயித்து வார் எண்டு சொல்ற. வீடு வளவும் பொம்புளப் பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளதான் பொண்டாட்டி வீட்டுக்கு வந்து இருப்பான். இந்தத் தோட்டமும் அப்பிடித்தான். பெத்தாட அம்மாட காணி, பெத்தாக்குச் சீதனமா வந்திச்சு, பெத்தா மாமிக்கு, அதான் கூட்டாளிட அம்மாக்கு, குடுத்தா, மாமி என்ட கூட்டாளிக்குக் குடுத்திருக்கா. அவட ஏழு வயசு மகள் அண்டைக்கு வாளியத் தூக்கிக்கிட்டு எங்களுக்கு முன்னால ஓடுறா. இத ஏன் இவ்வளவு விரிவாச் சொல்றன் எண்டா, இந்தத் தோட்டத்துல நஞ்சு அடிக்காததுக்கும் இதுக்கும் தொடுப்பு இருக்கு.

தோட்டம் ஒண்டரை ஏக்கர் வரும். வேலி முழுக்கக் கிளிசரியா. அத வெட்டி வெட்டித்தான் இலைப்பசளை. வேலியோரம் முருங்கை, அகத்தி, அதுக்கு உள்ளால வெத்திலைக் கொடி. மறுகா பாத்தி பாத்தியாக் கத்தரி, வெண்டி, கொச்சிக்கா, பயத்தை, நடுவில பந்தல்ல புடோல். ஒவ்வொரு புடோலுட நுனியிலயும் நூல்ல ஒரு சின்னக் கல்லக் கட்டித் தொங்க விட்டிருக்கு, சுருளாம நேரா வளரட்டும் எண்டு. என்ட மகன் ஒவ்வொரு கல்லையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கிட்டு வந்தான், 41 எண்டு கணக்குச் சொன்னான். கத்தரிக்கு இடையில கீரை, கீரைக்கு இடையில செவ்வந்தி, ஒரு இடமும் வெறும் மணலாக் கிடக்கல்ல. மணல் தெரியிற இடமெல்லாம் வைக்கோல் பரத்தி இருக்கு. கூட்டாளிட புருசன் படுவான்கரைப் பக்கம், அவருட தகப்பன் வெள்ளாமை வெட்டினாப் பிறகு வைக்கோல லான்ட்மாஸ்டர்ல ஏத்தி மண்முனைப் பாலத்தால கொண்டு வந்து பறிப்பாராம். 2014ல அந்தப் பாலம் வாறதுக்கு முன்னம் பாதையில (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவைப் படகு) ஏத்தி இறக்கித்தான் வாவியக் கடக்கிற, அப்ப இந்தளவு வைக்கோல் வரல்ல எண்டு மாமி சொன்னா.

நான் வைக்கோலக் கையால விலக்கிப் பாத்தன். மேல மணல்தான், ஆனா கறுத்திருக்கு, கையில ஒட்டுது, உள்ளுக்க மண்புழு. அதே ஊர் ரோட்டோரத்து மணல் விரலுக்கால அப்பிடியே சீனி மாதிரி ஓடுது. எத்தின வருசத்து எரு இது எண்டு கேட்டதுக்கு மாமி சிரிச்சா. முந்தி பட்டி மாட்டக் கொண்டு வந்து ராவையில தோட்டத்துல அடைப்பாங்களாம், ஒரு பக்கம் நாலு நாள், மறுகா பட்டிய அங்கால தள்ளி இன்னொரு பக்கம் நாலு நாள். அது போக கரைவலையில கூடிப் பட்டு விக்க ஏலாமக் கிடக்கிற மீன், மீன் கழுவின தண்ணி, அடுப்புச் சாம்பல், மாரியில வாவிக் கரைக்கு ஒதுங்கிற ஆத்துவாழை, எல்லாம் இந்த மணலுக்குள்ளதான் போயிருக்கு. பெத்தாட அம்மா காலத்துல இருந்து.

இப்ப கிணத்துக்கு வாறன்.

தோட்டத்து நடுவில ஒரு துரவு, பயிருக்கு இறைக்கிற. அதுக்கும் வீட்டுக் கிணத்துக்கும் நாப்பது அடி கூட இருக்காது. மகன் எட்டிப் பாத்துட்டு "அம்மா தண்ணி கைக்கு எட்டும்போல" எண்டான். கோடையிலயே அப்பிடி. பெத்தா தடிய ஊண்டிக்கிட்டு எங்களுக்குப் பின்னால வந்து கிணத்துக் கட்டுல இருந்து சொன்ன கதைய அவ சொன்ன மாதிரியே எழுத எனக்கு ஏலா, ஆனா விசயம் இதுதான். எழுபதாம் ஆண்டு பக்கம், அவட கடைசி மகன் வயித்துல. அப்பதான் மருந்தடிக்கிற பழக்கம் ஊருக்குள்ள பரவுது, புருசன் ஆரிட்டயோ கேட்டு ஒரு டின் வாங்கி வந்து கத்தரிக்கு அடிச்சுப் போட்டு மெசினத் துரவடியிலயே கழுவி இருக்கார். விடியப் போய்ப் பாத்தா துரவுக்குள்ள தவளை, மீன்குஞ்சு எல்லாம் வெள்ளை வயித்தக் காட்டிக்கிட்டு மிதக்குதாம். இவ வயித்துப் பிள்ளையோட அங்கயே நிண்டு பாத்திருக்கா. ஆறு மாசமாக் குடிக்கிறதும் அதே தண்ணிதானே, நாப்பது அடி தள்ளி. ஒரு மாசம் பக்கத்து வளவுலதான் தண்ணி அள்ளினாவாம்.

"காணி என்ட அம்மா தந்த. கிணறும் என்ட. இனி இந்தப் படலைக்குள்ள அந்தச் சாமான் வரப்படா எண்டு சொல்லிப்போட்டன்" எண்டா பெத்தா. அவ்வளவுதான். சண்டையும் இல்லையாம், புருசன் மறுகா ஒரு கதையும் கதைக்கல்லையாம். நான் யோசிச்சுப் பாத்தன், காணி அவருட பேர்ல இருந்திருந்தா அந்தக் கதை அப்பிடி முடிஞ்சிருக்குமா. முடிஞ்சிருக்கும் எண்டு எனக்குத் தோணல்ல. தண்ணி அள்ளுறதும் சோறாக்கிறதும் பிள்ளையக் குளிப்பாட்டுறதும் ஆரோ, அவக்கு அந்த மண்ணுல சொல்லும் இருந்ததாலதான் ஐம்பது வருசத்துக்கு மேலா அந்தக் கிணறு அப்பிடியே இருக்கு.

கூட்டாளி வந்தாறுமூலையில விவசாயம் படிச்சவ, நான் அதே கம்பஸ்ல கணக்கியல். பெத்தா கண்ணால கண்டத அவ படிப்பால விளங்கப்படுத்தினா. களிமண் எண்டா பசளைய ஒள்ளுப்பமாச்சும் பிடிச்சு வைக்குமாம், மணல் பிடிக்காது. யூரியாவப் போட்டா பயிர் குடிச்சது போக மிச்சம் நைட்ரேட்டா மாறி மழைத் தண்ணியோட நேர கீழ இறங்கிரும், கீழ இருக்கிறது நாங்க குடிக்கிற தண்ணி. நிறம் இல்ல, மணம் இல்ல, காய்ச்சினாலும் போகாது, காய்ச்சக் காய்ச்சத் தண்ணி வத்தி இன்னும் தடிக்கும். குடிதண்ணியில லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல நைட்ரேட் இருக்கப்படா எண்டு உலக சுகாதார நிறுவனம் வரை போட்டிருக்கிறது முக்கியமாக் கைக்குழந்தையளுக்காகத்தான், புட்டிப்பால் அந்தத் தண்ணியில கரைச்சுக் குடுத்தா ரத்தத்தால ஒட்சிசனக் காவ ஏலாமப் போய்ப் பிள்ளை நீலம் பாயும். நான் மகனுக்கு எத்தின புட்டி கரைச்சுக் குடுத்திருப்பன், ஒரு நாளும் எங்கட கிணத்துத் தண்ணிய நான் சோதிக்கக் குடுத்ததில்ல.

அதோட அவ இன்னொண்டும் சொன்னா, அது எனக்கு நல்லாப் பிடிச்சுது. இயற்கைப் பசளை எண்டு போட்டு மாட்டெருவ அள்ளிக் கிணத்தடியில குவிச்சாலும் அதே நைட்ரேட்தான் இறங்குமாம், மணலுக்கு மாடும் தெரியாது பைக்கட்டும் தெரியாது. அதால எருவ நல்லா மக்க வச்சுத்தான் போடுற, எருக் கும்பி வளவுட மத்த மூலையில, மேல கிடுகு போட்டு மூடி. சாணம், கோமியம், சர்க்கரை, பயத்த மா எல்லாம் கலந்து ரெண்டு நாள் ஊற விடுற கரைசல், மீனும் சர்க்கரையும் சம நிறை போட்டு மூணு கிழமைக்கு மேல மூடி வைக்கிற மீன் அமிலம், இதெல்லாம் தமிழ்நாட்டு இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயாட பேச்சுகள போன்ல கேட்டுக் கேட்டு அவ தொடங்கினது. மீன் அமிலம் பத்து லீற்றர் தண்ணிக்கு நூறு மில்லிக்கு மேல போட விட மாட்டா. பெத்தாக்கு இந்தப் பேர் ஒண்டும் தெரியா, "நாங்க மீனத் தாட்டம், இவ போத்தல்ல போடுறா" எண்டுதான் சொன்னா.

அறுவடை குறைவுதான். அத மறைக்கல்ல ஆரும். கத்தரியில புழு விழும், வேப்பங்கொட்டைய இடிச்சு ஊற வச்சு வடிச்சு அடிச்சாலும் முழுக்கப் போகாது, அது மழையில கழுவுப்பட்டுப் போகும், திரும்ப அடிக்கோணும். கொச்சிக்காக்கு இலை சுருளுற நோய் வந்தா அந்த மரத்தப் பிடுங்கி எரிக்கிறதுதான் வழி. களை பிடுங்கக் கூலிக்கு ஆள் கிடைக்கிறது கஸ்டம், நாள் கூலி ஏறிக்கிட்டே போகுது. சந்தைக்குக் கொண்டு போனா ஓட்டைக் கத்தரி எண்டு வியாபாரி விலையக் குறைப்பான், அதே கத்தரிய "மருந்தடிக்காத சாமான்" எண்டு தெரிஞ்சவங்க வீட்டு வாசல்ல வந்து ஒரு சொல்லும் சொல்லாம வாங்கிக்கிட்டுப் போறாங்க, ஹொஸ்பிட்டல்ல வேலை செய்யிற நாலஞ்சு பேர் கிழமைக்கு ஒரு பை எண்டு வட்ஸ்அப்புல சொல்லி வச்சு எடுக்கிறாங்க. அந்த வாசல் வியாபாரம் இல்லாட்டித் தாக்குப் பிடிக்க ஏலா எண்டு மாமி நேரடியாச் சொன்னா. எனக்கு இது மனசுக்குக் கஸ்டமா இருந்திச்சு. ஊருத் தண்ணிய நஞ்சாக்காம வச்சிருக்கிற குடும்பத்துக்கு அதுக்கெண்டு ஒரு சதமும் ஆரும் குடுக்கிறதில்ல, ஓட்டைக்கு மட்டும் விலை குறைக்கிறம்.

2021ப் பத்தியும் கதைச்சம், கதைக்காம இருக்க ஏலாதுதானே. அந்த வருசம் மே மாசம் அரசாங்கம் ரசாயனப் பசளை இறக்குமதிய ஒரேயடியா நிப்பாட்டி, நவம்பர் 24ல திரும்பத் திறந்தாங்க. எங்கட அப்பாக்குப் படுவான்கரையில மூணு ஏக்கர் வயல், பசளை போட்டே பழகின வயல். அந்தப் பெரும்போகம் பயிர் மஞ்சளிச்சு நிண்டத நான் கண்ணால பாத்தன், வழமையா வாற நெல்லுல பாதியும் களத்துக்கு வரல்ல, அப்பா அந்த வருசம் கதைக்கிறதையே குறைச்சிட்டார். அதால இயற்கை விவசாயம் எண்டு ஆரும் சொன்னாலே எனக்கு ஒரு எரிச்சல் இருந்திச்சு, இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு நாள் போகாம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம் எண்டு அண்டைக்குத்தான் கூட்டாளிட்டச் சொன்னன். அவ கோவிக்கல்ல. அந்த மாசங்கள்ல இவங்கட படலையில காலையும் பின்னேரமும் சனமாம், ஒரு போத்தல் கரைசல் தாங்க, என்னத்தையாச்சும் தாங்க எண்டு. குடுத்திருக்காங்க, காசு வாங்கல்ல, ஆனா இது ஒரு போகத்துல வேலை செய்யாது எண்டும் சொல்லித்தான் குடுத்தாங்களாம். பெத்தா சொன்னது, "பால் மறக்கடிக்கிற பிள்ளைக்கே ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமாத்தான் சோறு பழக்கிற, மண்ண ஒரு ராவையில மறக்கடிக்க ஏலுமா". பக்கத்து வளவக் குத்தகைக்கு எடுத்து இவங்களே செஞ்சு பாத்திருக்காங்க, முதல் வருசம் கத்தரி முழங்கால் உயரமும் வரல்ல, மூணாம் வருசம்தான் மண்ணுல புழு கண்டதாம். அப்பாவையும் ஒரு நாள் இஞ்ச கூட்டி வரோணும். அரை ஏக்கர்ல தொடங்கச் சொல்லிக் கேப்பன், கேப்பாரோ தெரியா.

சுனாமிக்குப் பிறகு கடல் பக்கம் இருந்த கிணறெல்லாம் உப்பாகிப் போக, ஊரெல்லாம் மோட்டர் வச்சு இறைச்சுத் தள்ளினாங்க, இறைச்சா நல்ல தண்ணி வரும் எண்டு. ஆனா எங்கட மணலுக்குள்ள நல்ல தண்ணி ஒரு மெல்லிய படையா உப்புத் தண்ணிக்கு மேலதான் மிதந்துகிட்டு இருக்கு, கூட இறைச்சா அடியில கிடக்கிற உப்புத்தான் மேல ஏறும். இவங்கட கடற்கரைத் துண்டுக் கிணத்த மாமி இறைக்க விடல்லையாம், மாரி மழை பெஞ்சு கழுவட்டும் எண்டு விட்டுட்டா. ரெண்டு மாரி போன பிறகுதான் கொச்சிக்கா வைக்க ஏலுமா இருந்திச்சு எண்டா. இப்பவும் துரவுல மோட்டர் போடுறது காலையில முக்கால் மணித்தியாலம்தான், மிச்சத்துக்கு வாளி.

பகல் சாப்பாட்டப் பத்திச் சொல்லாம விட்டா அம்மா கோவிப்பா. பச்சைப்பெருமாள் அரிசிச் சோறு, பாலாணம், முருங்கை இலைச் சுண்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, வாவிச் செல்வன் மீன் பொரியல், கடைசியா எருமைத் தயிர். வீட்டுல கத்தரிக்காயக் கண்டாலே முகத்தத் திருப்பிற என்ட மகன் ரெண்டாந்தரமும் போடச் சொன்னான். குடிச்ச தண்ணி அந்தக் கிணத்துத் தண்ணி. நான் ரெண்டு போத்தல்ல நிரப்பியும் எடுத்துக்கிட்டன்.

சாப்பிட்டுப் போட்டு பெத்தா என்னைய மட்டும் குசினிக்குள்ள கூப்பிட்டா. அடுப்புக்கு மேல ஒரு பரண், புகையில கறுத்துப் போய்க் கிடக்கு. அதுலதான் விதை. முத்தி மஞ்சளிச்ச கத்தரிட விதையக் கழுவிச் சாம்பல்ல பிரட்டி நிழல்ல காய வச்சு, சீலைத் துண்டுல முடிஞ்சு தொங்குது. பயத்தையக் கோதோட, வேப்பிலை போட்ட போத்தல்ல. கடையில வாங்கிற ஹைபிரிட் விதையில வாற காய்க்கு விதை எடுத்துப் போட்டா தாய் மாதிரிப் பிள்ளை வராது, ஒவ்வொரு போகமும் காசு குடுத்து வாங்கோணும், இது அப்பிடியில்ல. நான் கேட்டன், இது எல்லாம் உங்கட அம்மா காலத்து விதையா பெத்தா எண்டு. ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல. 1978 நவம்பர் 23, சூறாவளி. கூரையும் போய்ப் பரணும் போய் ஒரு விதை மிஞ்சல்லையாம், தென்னை எல்லாம் முறிஞ்சு கிடக்க இவங்க கோயில்ல ஒதுங்கி இருந்திருக்காங்க. அதுக்கு முதல் வருசம் பழுகாமத்துல இருந்த தங்கச்சிக்கு ஒரு முடிச்சுக் கத்தரி விதை குடுத்தது ஞாபகம் வந்து, தண்ணி வத்தினாப் பிறகு தோணியில போய் அவட்ட வாங்கி வந்து திரும்பப் போட்டதுதான் இப்ப நாங்க சாப்பிட்ட கத்தரி. "வச்சிருந்தது போச்சு, குடுத்தது இருந்திச்சு" எண்டு சொல்லிக்கிட்டே ஒரு சின்ன முடிச்ச அவிட்டு எண்ணாம என்ட கையில கொட்டினா. பயத்தையும் பத்துக் கொட்டை.

வீட்டுக்கு வந்து கத்தரிய ஒரு பழைய பேசினுக்குள்ள போட்டன், பயத்தைய மதிலோரம் மகனோட சேந்து குழி கிண்டிப் போட்டன். கத்தரி முளைச்சிட்டு. பயத்தை பத்துல மூணுதான் வந்திச்சு. போட்டோ எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பினன், பின்னேரம் அவட போன்ல இருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ், பெத்தாட குரல்: "குழி கூட ஆழம் புள்ள. ஒரு விரல் கட்டை போதும். ஏழையும் கிண்டிப் பாரு, அழுகாமக் கிடந்தா மேலால போடு. கிண்டிப் போட்டு எனக்குச் சொல்லு."

நாலு அழுகிட்டு. மூண்டு நல்லாக் கிடந்திச்சு, மேலால போட்டிருக்கம்.